நேபாள மலையும் அதன்மேல் வந்த பழியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். இவ்வாண்டு நம் செயலாளர் அவர்கள், "கோரக்பூருக்கு வந்து குடியேறி இத்தனை ஆண்டாயிற்று, வடக்கே நிற்கும் மலைநாட்டைப் பற்றி நாம் ஒன்றும் அறியோம். அங்குள்ள உழவையும் காட்டையும் பற்றி ஒருவர் பேசட்டும்" என்று கூறி, அப்பணியை என்மீது ஏற்றிவிட்டார்கள். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். முன்பதிவுக் கவுண்டரில் அமர்ந்து சீட்டு வழங்கிப் பிழைப்பவன். ஆயினும் அந்தக் கவுண்டருக்கு வருவோரில் நேபாள மலைநாட்டார் பலர். அவர்களோடு இரண்டொரு வார்த்தை பேசப் பேச, அந்நாட்டைப் பற்றிப் படிக்கும் ஆவல் எனக்கு உண்டாயிற்று. படித்தறிந்தவற்றுள் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

ஆடி, ஆவணி மாதங்களில் ராப்தி ஆறு பெருகும்போது நம் காலனியில் எழும் பேச்சை நீங்கள் அறிவீர்கள். 1998ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைக் கண்ட மூத்தோர் நம்மிடையே இருக்கிறார்கள். "நேபாளத்துக்காரன் மலையில் உள்ள மரத்தையெல்லாம் வெட்டி அடுப்பெரித்துவிட்டான், மலை மண் கரைந்து வந்து நம் தலையில் விழுகிறது" என்பதே அந்தப் பேச்சு. இது நம் காலனியிற் பிறந்த கதையன்று. உலகம் போற்றும் அறிஞர்களும், பெரிய பெரிய நிறுவனங்களும் ஒரு காலத்தில் இதைப் புத்தகமாகவே எழுதி வைத்தார்கள். அப்பழி எவ்வாறு எழுந்தது, ஆராய்ச்சியாளரே பின்னர் அதை எவ்வாறு பிரித்து ஆராய்ந்தனர் என்பதே என் பேச்சின் பொருள்.

முதலில் நேபாளத்தின் உருவத்தை மனத்திற் கொள்ளவேண்டும். தெற்கே, நம் ஊரைப் போலவே தட்டையான தராய் நிலம். ஜாப்பா மாவட்டத்தில் அது கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 60 மீட்டர் உயரமே. வடக்கே எவரெஸ்ட் சிகரம். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனமும் சேர்ந்து அறிவித்த அளவின்படி 8,848.86 மீட்டர். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 200 கிலோமீட்டர்தான். நம் விரைவு ரயில் மூன்று நான்கு மணி நேரத்தில் கடந்துவிடும் தூரத்துக்குள், வெப்ப நாட்டுக் காடு முதல் என்றும் கரையாத பனி வரை எல்லாத் தட்பவெப்பமும் அடங்கிவிடுகின்றன. ஒரே ஊரில் கீழ்த்தட்டு உழவன் நெல் அறுக்கும்போது, மேல்தட்டு உழவன் வேறொரு பயிரோடு போராடிக்கொண்டிருப்பான்.

அங்கே நிலம் இருவகை. நீர் தேக்கி நெல் நடும் தட்டு வயலைக் 'கேத்' என்பர். மழையை நம்பிய மேட்டு வயலைப் 'பாரி' என்பர். பாரியில் மக்காச்சோளம் நிற்கும்போதே அதன் அடியில் 'கோதோ' நாற்றை நடுகிறார்கள். சோளக்கதிரை ஒடித்தெடுத்தபின் கோதோ தலையெடுக்கிறது. தாய்மார்கள் கவனிக்க வேண்டும்: இந்தக் கோதோ நம் கேழ்வரகேதான். அவர்கள் அதன் மாவைக் கிண்டி 'டிண்டோ' என்று உண்பது நம் களியேதான். இமயத்து அடுப்பிலும் களி கிண்டும் ஒலி கேட்கிறது என்றறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இனிப் பழிக்கு வருவோம். 1970களின் நடுவில் எரிக் எக்கோல்ம் என்னும் அமெரிக்கர் ஒரு கட்டுரையும், 1976இல் ஒரு நூலும் எழுதினார். மலையில் மக்கள்தொகை பெருகுகிறது. விறகுக்கும் விளைநிலத்துக்கும் காடு அழிகிறது. மரமற்ற சரிவிலிருந்து மண் கரைந்து கங்கைச் சமவெளிக்கு ஓடுகிறது. நேபாளம் தன் மண்ணையே விலையின்றி ஏற்றுமதி செய்கிறது என்பது அவர் கூற்று. 1979இல் உலக வங்கியின் அறிக்கையொன்று, 2000ஆம் ஆண்டுக்குள் மக்கள் எட்டிப் பிடிக்கக்கூடிய காடு எதுவும் நேபாளத்தில் மிஞ்சாது என்று எச்சரித்தது. சங்கிலியின் கண்ணிகளைப் போல ஒன்றோடொன்று கோத்த வாதம். கேட்டவுடன் நம்பத் தோன்றும். இவர்கள் தீய எண்ணத்தோடு எழுதியவர்கள் அல்லர். அவர்கள் கண்ட சரிவுகளும் வழுக்கைக் குன்றுகளும் மெய்யாகவே அங்கே இருந்தன.

ஆனால் கணக்கு? 1980களில் மைக்கேல் தாம்சன், மைக்கேல் வார்பர்ட்டன் என்னும் இருவர் இந்த வாதத்தின் அடிப்படை எண்களை எடுத்துப் பரிசோதித்தனர். மலைநாட்டான் ஒருவன் ஆண்டுக்கு எவ்வளவு விறகு எரிக்கிறான் என்று வெவ்வேறு நிபுணர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். அம்மதிப்பீடுகளை 1981இல் ஓர் ஆய்வாளர் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தார்; மிகக் குறைந்ததற்கும் மிக உயர்ந்ததற்கும் இடையே 67 மடங்கு வேறுபாடு! அன்பர்களே, நம் சரக்கு ஆபீசில் ஒரே வேகனை ஒருவர் ஒரு குவிண்டால் என்றும், மற்றொருவர் 67 குவிண்டால் என்றும் எழுதினால் தணிக்கைக்காரர் சும்மா விடுவாரா? காடு பெருகுகிறதா குறைகிறதா என்பதைக்கூட அந்த எண்களைக் கொண்டு ஒருவரும் துணிந்து சொல்ல இயலாது. குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டால் மலை செழித்தோங்கவேண்டும். உயர்ந்த எண்ணை எடுத்துக்கொண்டால் அது என்றோ மொட்டையாகி முடிந்திருக்கவேண்டும். மலையோ இரண்டையும் செய்யாமல் நின்றது.

எண் தவறினாலும் மலை தவறாது என்று எண்ணிச் சிலர் மலைக்கே திரும்பிப் போனார்கள். ஜாக் ஐவ்ஸ், புரூனோ மெசர்லி என்னும் அறிஞர்களின் குழு, காத்மாண்டுக்கு வடமேற்கே உள்ள காக்கனிப் பகுதியில் 1970களின் இறுதியில் நிலச்சரிவுகளை வரைபடமாக்கியது. அவற்றைக் கண்டபோது, இந்த ஊர் சில ஆண்டுகளில் அழிந்துவிடும் என்று தோன்றியதாம். 1987இல் மீண்டும் அங்கே சென்றார்கள். சரிந்த இடங்கள் பலவற்றை உழவர்கள் மீண்டும் தட்டுத் தட்டாக வெட்டி, கரை கட்டி, பயிரிட்டிருந்தார்கள்! சரிவு என்பது அறிஞருக்குப் பேரழிவின் அடையாளம். அவ்வூர் உழவனுக்கோ வேலை மிகுந்த ஓர் ஆண்டு. இவ்விருவரும் 1989இல் எழுதிய நூல், பழைய வாதத்தின் ஒவ்வொரு கண்ணியையும் சோதித்து, பெரும்பாலானவை சான்று தாங்கவில்லை என்று காட்டியது.

காடு எப்போது அழிந்தது என்பதையும் தேடினார்கள். மகத் என்னும் நேபாள வன அதிகாரியும் அவரோடு உழைத்த அறிஞர்களும் 1980களில் பழைய ஆவணங்களைப் புரட்டியபோது, நடுமலைப் பகுதியில் காடு பெரிதும் குறைந்தது நேற்று இன்றன்று, முந்தைய நூற்றாண்டுகளிலேயே என்று தெரிந்தது. வரி வேண்டிய அரசர்கள், காட்டைத் திருத்தி வயலாக்கச் சொல்லி மக்களைத் தூண்டினார்கள். இரும்பும் செம்பும் உருக்குவதற்குக் கரி வேண்டியிருந்தது. தராயின் கதையோ நமக்கு இன்னும் நெருக்கமானது. 1920களில் ராணா ஆட்சியாளர் காலியர் என்ற ஆங்கிலேய வன அதிகாரியை வரவழைத்து, தராய்க் காட்டுச் சால் மரங்களை வெட்டி விற்க ஏற்பாடு செய்தனர். எதற்கென்று கேட்பீர்கள். இந்திய ரயில் பாதைக்குச் சிலீப்பர் கட்டைகளாக்க! இப்போது தண்டவாளத்தைத் தாங்குபவை கான்கிரீட் கட்டைகள். ஆனால் நம் முன்னோடிகள் பணிபுரிந்த பாதையின் அடியில் கிடந்தது அந்த மலையடிவாரத்துக் காடுதான். அடுப்பெரித்தவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது ரயில்வே காலனியில் உள்ள நமக்கு அழகாகுமா?

மண் கரைவதே பொய் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். கரைகிறது. எப்போது, எங்கிருந்து என்பதே கேள்வி. காத்மாண்டுக்குக் கிழக்கே காவ்ரே மாவட்டத்தில் ஜிக்கு கோலா என்னும் ஓடை உண்டு. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறக்குறைய 111 சதுர கிலோமீட்டர். அங்கே 1989 முதல் நேபாள, கனடா நாட்டு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தங்கி, மழை பெய்யப் பெய்ய நீரைப் பிடித்து, அதில் உள்ள மண்ணை நிறுத்துப் பார்த்தார்கள். அவர்கள் கண்டது இது: ஓராண்டில் போகும் மண்ணில் பெரும்பங்கு ஒருசில புயல்மழைகளிலேயே போய்விடுகிறது. அதுவும் பருவமழை தொடங்குமுன், மேட்டு வயலை உழுது சோளம் விதைத்து, மண் வெறுமையாய்க் கிடக்கும் வேளையில் பெய்யும் மழையில். ஆனி கழிந்து பயிரும் களையும் மண்ணை மூடிவிட்டால் இழப்பு வெகுவாகக் குறைகிறது. மேலிருந்து ஓடிவரும் மண்ணிலும் ஒரு பகுதியைக் கீழுள்ள நெல் வயல்கள் தேக்கிப் பிடித்துக்கொள்கின்றன. ஒருவன் இழந்தது அவன் அண்டை வீட்டானுக்கு உரமாகிறது. இந்த ஆய்வினால் ஒரு தெளிவு பிறந்தது. எல்லாச் சரிவிலும் மரம் நடு என்று பொதுவாக முழங்குவதைவிட, அந்த இரண்டு மாதம் பாரி வயலை வெறுமையாக விடாமல் காப்பது எப்படி என்று யோசிப்பதே பயனுடைய வேலை.

இயற்கையின் பெருஞ்சீற்றம் வேறு. 1993 ஜூலையில் குலேகானி நீர்த்தேக்கத்தின் அருகே திஸ்துங் என்னுமிடத்தில் ஒரே நாளில் 540 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய மழையை எந்தக் காடு தாங்கும்? இமயம் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் இளமலை. மனிதன் கோடரி எடுக்குமுன்பே கங்கைச் சமவெளி முழுவதையும் தன் மண்ணால் நிரப்பியது அதுதானே!

அடுத்து நான் சொல்லப்போவது, நான் படித்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது. சற்று விரிவாகவே சொல்ல அனுமதி வேண்டும்.

படையிலிருந்து ஓய்வுபெற்ற கூர்க்கா வீரர்கள் ஊர் திரும்பி உழவு செய்ய உதவும் பொருட்டு, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் உதவியோடு இரண்டு பண்ணை ஆய்வு நிலையங்கள் தோன்றின. மேற்கே பொக்காராவுக்கு அருகே லும்லே, 1968இல். கிழக்கே தன்குட்டா மாவட்டத்தில் பாக்ரிபாஸ், 1970களின் தொடக்கத்தில். பின்னாளில் இரண்டும் நேபாள அரசின் வேளாண் ஆராய்ச்சி மன்றத்தின் பொறுப்பில் வந்தன. தொடக்கத்தில் நிபுணர் கற்பிக்க, உழவர் கேட்கும் முறைதான் அங்கும் நடந்தது. 1990களில் பாக்ரிபாஸ் ஆய்வாளர்களும், வேல்ஸ் நாட்டுப் பாங்கர் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து முறையைத் திருப்பினார்கள். தட்டுக் கரைகளில் தீவனத்துக்காக மரம் வளர்க்கும் உழவர்களிடம் சென்று, "இந்த மரத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டு, விடைகளை வரிசையாக எழுதிக்கொண்டார்கள்.

உழவர் சொன்ன சொற்களுள் ஒன்று 'தப்கன்'. இலையில் தேங்கிய மழைநீர் திரண்டு கீழே சொட்டுவதற்குத் தப்கன் என்று பெயர். பெரிய இலையுள்ள மரத்தின் சொட்டுப் பெரிது. அது விழும் இடத்தில் மண்ணைக் குழித்துக் கரைக்கும், அடியில் உள்ள பயிரையும் தாக்கும். சிற்றிலை மரத்தால் அந்தத் தொல்லை குறைவு. ஆகவே இன்ன மரத்தை இன்ன இடத்தில் வைக்கவேண்டும், இன்ன காலத்தில் கழிக்கவேண்டும் என்றார்கள். மரம் என்றாலே மண்ணைக் காக்கும் என்று பள்ளிப் புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. மரத்திலிருந்து சொட்டும் துளி மழைத்துளியிலும் பெரிதாகி, உயரத்திலிருந்து விழும்போது மண்ணை மிகுதியாகத் தாக்கக்கூடும் என்பதை விஞ்ஞானிகள் கருவிகொண்டு அளந்து அறிந்தார்கள். மலை உழவனோ தன் கரையோரத்தில் நின்று கண்ணால் கண்டு, பெயரும் வைத்திருந்தான்.

தீவனத்திலும் அவ்வாறே. சில தழைகளை 'ஓபானோ' என்றும், சிலவற்றைச் 'சிசோ' என்றும் அவர்கள் பிரித்தார்கள். ஓபானோ என்றால் உலர்ந்த, சூடான இயல்புடையது. உண்ட மாட்டின் சாணம் இறுகியிருக்கும். சிசோ குளிர்ந்தது, சாணம் இளகும். நம் வீட்டுப் பாட்டிமார் உணவைச் சூடு, குளிர்ச்சி என்று பிரிப்பது உங்களுக்கு நினைவு வரும். படித்தவர்கள் இதைக் கேட்டால் நகைப்பது வழக்கம். அந்த ஆய்வாளர்கள் நகைக்கவில்லை. தழைகளை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றார்கள். எது ஊட்டமுள்ளது, எது எளிதிற் செரிப்பது என்று உழவர் வைத்த வரிசை, புரதத்தையும் செரிமானத்தையும் அளந்து வைத்த வரிசையோடு பெரிதும் ஒத்திருந்தது. தீவனம் வெட்டுவதும் மாடு பேணுவதும் பெரும்பாலும் பெண்டிர் கையில் உள்ள நாடு அது என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும்.

லும்லேயில் நடந்தது நெல்லைப் பற்றியது. அன்னபூர்ணா மலையடியில் சோம்ரோங் என்னும் சிற்றூர் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே நெல் பூக்கும் பருவத்தில் குளிர் தாக்கினால் கதிர் முழுவதும் பதராகிவிடும். சமவெளியில் உருவான உயர்விளைச்சல் விதைகள் அங்கே தலைகாட்ட இயலவில்லை. அவ்வூரின் பழைய நெல் ஒன்று குளிரைத் தாங்கியது. அதனைப் புஜி 102 என்னும் ஜப்பான் நெல்லோடு ஒட்டிச் சேர்த்தார்கள். இதுவரை எல்லா நாட்டிலும் நடப்பதுதான். புதுமை பின்னால் வந்தது. வழக்கப்படி நிலையத்துக்குள்ளேயே பல ஆண்டு தெரிந்தெடுத்து, முடிந்த விதையை உழவனிடம் நீட்டாமல், இன்னும் பலவகையாய்ப் பிரிந்து நின்ற விதையை 1993இல் சோம்ரோங், காந்துருக் ஊர் உழவர்களிடமே கொடுத்துவிட்டார்கள். "உங்கள் வயலில் போடுங்கள்; நல்லதை நீங்களே பொறுக்குங்கள்" என்றார்கள். புவன் ஸ்தாபித் என்னும் நேபாள விஞ்ஞானி இம்முயற்சியின் முன்னணியில் நின்றவர். நிபுணர் மணியின் எடையை மட்டுமே பார்ப்பார். உழவர் குடும்பமோ வைக்கோல் மாட்டுக்கு ஆகுமா, சோறு ருசிக்குமா, குத்தினால் அரிசி நொறுங்காதா என்பதையும் பார்க்கும். அவ்வாறு பொறுக்கப்பட்ட நெல் 1996இல் அரசின் ஒப்புதல் பெற்று, அவ்வூருக்கு மேலே நிற்கும் சிகரத்தின் பெயரால் மச்சாபுச்ரே-3 என்று வெளிவந்தது. 'மச்சாபுச்ரே' என்றால் மீன்வால் என்று பொருள். நம் பாண்டியனின் கொடி நினைவுக்கு வருகிறதல்லவா!

காட்டின் கதையையும் முடித்துவிடுகிறேன். 1957இல் நேபாள அரசு தனியார் காடுகளை நாட்டுடைமையாக்கியது. நல்ல நோக்கந்தான், ஆனால் 'நம் காடு' என்றிருந்தது 'சர்க்கார் காடு' என்றாகவே, காவல் தளர்ந்தது. பின்னர் 1970களில் சில ஊர்களிடமே காட்டை ஒப்படைத்துச் சோதித்தார்கள். 1993ஆம் ஆண்டு வனச் சட்டம் அதை நாடெங்கும் பரப்பியது. இன்று 22,000க்கு மேற்பட்ட ஊர்க்குழுக்கள் தத்தம் காட்டைத் தாமே காத்து, இத்தனை கட்டு விறகு, இத்தனை நாள் புல் என்று விதி வகுத்துக்கொள்கின்றன. செயற்கைக்கோள் படங்களை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டதில், 1992இல் நாட்டின் பரப்பில் 26 சதவீதமாக இருந்த காடு, 2016இல் 45 சதவீதமாகியிருந்தது. காடே மிஞ்சாது என்று குறித்த 2000ஆம் ஆண்டு வந்துபோயிற்று; காடு ஏறக்குறைய இருமடங்காகி நிற்கிறது.

"அப்படியானால் பீகாரில் கோசி ஏன் அழித்தது?" என்று ஓர் அன்பர் இடைவேளையில் கேட்டார். 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தில் குசகா என்னுமிடத்தில் கோசியின் கரை உடைந்து, பீகாரில் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் துன்புற்றனர். அந்தக் கரை 9,50,000 கன அடி நீரைத் தாங்குவதற்கென்று அமைக்கப்பட்டது. உடைந்த அன்று ஓடிய நீர் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கரைகளுக்கிடையே ஆண்டாண்டாய் வண்டல் படிந்து ஆறு மேடேறியதும், கரையைப் பேணாததும் அங்கே பேசப்பட்ட காரணங்கள். மலையில் எவனோ ஒருவன் வெட்டிய மரம் அந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

ஆனால் காடு திரும்பியதற்கு ஊர்க்குழுக்கள் மட்டுமே காரணமென்று சொன்னால் பாதி உண்மையே சொன்னவனாவேன். மலையை விட்டு இளைஞர் போய்விட்டார்கள். வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும், நம் டெல்லிக்கும் மும்பைக்கும் போனவர்கள் அனுப்பும் பணத்தால் வீடு நடக்கிறது. மாடு குறைந்தது; மேய்ச்சல் குறைந்தது; உழாத தட்டில் புதர் மண்டி, பின் மரமாகிறது. ஊரைச் சூழ்ந்து காடு நெருங்கியதால் குரங்கும் காட்டுப்பன்றியும் மிஞ்சிய சோளத்தைத் தின்கின்றன. வயலில் நிற்பவர் முதியவரும் பெண்டிரும். ஊரை விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இப்போது நேபாளத்து ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வி மாறியிருக்கிறது. தட்டு வயல் தானாக நிற்பதன்று. ஆண்டுதோறும் கரை செதுக்கி, மழைநீரை வாய்க்காலில் திருப்பிவிடும் கை ஒன்று வேண்டும். அந்தக் கை வளைகுடா நாட்டில் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கும்போது தட்டுக்கு என்ன நேர்கிறது? சில இடங்களில் புல் மூடி மண் நிலைத்துவிடுகிறது. சில இடங்களில் ஒரு கரை உடைந்து, கீழே இன்னும் உழுதுகொண்டிருப்பவரின் வயலையும் இழுத்துச் செல்கிறது. எங்கே எது நடக்குமென்று இன்னும் ஊர் ஊராய்ப் பார்த்து வருகிறார்கள். ஆள் மிகுந்ததால் மலை அழியும் என்று அஞ்சிய ஆராய்ச்சி, இரண்டு தலைமுறைக்குள் ஆள் குறைந்த மலையை அளந்துகொண்டிருக்கிறது.

 அடுத்து நம் காலனிக் குழந்தைகளின் நாடகம் காத்திருப்பதால் இத்துடன் அமர்கிறேன்.